கையுறைப் பெட்டியைத் திறக்கும் முன்: வேலையிடத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

புது வேலையில் சேர்ந்த அன்றைக்கே ஒரு பெட்டியை நீட்டி, "கிளவுஸ் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எந்த வேலைக்குப் போட வேண்டும், எப்போது மாற்ற வேண்டும், எப்படிக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும் என்பது அவர்கள் நினைப்பு. தெரியாது. வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது. நான் இருப்பது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்; புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என் பொறுப்பு. ஆனால் இந்தக் கட்டுரை லேப் ஆட்களுக்கு மட்டுமல்ல. ஹோட்டல் சமையலறை, பியூட்டி பார்லர், மெக்கானிக் பட்டறை, ஹவுஸ்கீப்பிங் என்று ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் கையுறை எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. அடிப்படை எல்லாருக்கும் ஒன்றுதான்.

யாரைக் காப்பாற்றப் போடுகிறோம்?

எந்தக் கையுறை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. 1889–90 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை அரங்க நர்ஸாக இருந்தவர் கேரலைன் ஹாம்ப்டன். கிருமி நீக்கப் பயன்படுத்திய மெர்குரிக் குளோரைடு கரைசலால் அவருடைய கைத்தோல் வெந்துபோனது. தலைமை அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்து வாங்கினார். (1890இல் இருவரும் கல்யாணமும் செய்துகொண்டார்கள்.) அந்தக் கையுறை நோயாளிக்காகச் செய்தது அல்ல, நர்ஸின் கைக்காகச் செய்தது. அதைப் போட்டால் நோயாளிக்குத் தொற்றும் குறைகிறது என்பது பிறகுதான் பிடிபட்டது.

ஆக, கையுறைக்கு இரண்டு பக்கம் உண்டு. ரத்தம், தலைமுடிச் சாயம், கிரீஸ், ஆசிட் இவற்றிலிருந்து உங்கள் கையைக் காப்பாற்றுவது ஒன்று. உங்கள் கையில் இருப்பது சாப்பாட்டிலோ நோயாளியின் புண்ணிலோ போய்ச் சேராமல் தடுப்பது இன்னொன்று. உங்கள் வேலையில் எந்தப் பக்கம் முக்கியம் என்று தெளிவாகிவிட்டால் மீதி முடிவுகள் பாதி எடுத்த மாதிரிதான்.

இது தெளிவாகாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பார்சல் கவுன்ட்டரில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். பளபளவென்று பிளாஸ்டிக் கையுறை போட்ட ஒருவர் டப்பாவில் பிரியாணியை அள்ளிப் போடுகிறார். அதே கையால் 500 ரூபாய் நோட்டை வாங்குகிறார், கல்லாவைத் திறக்கிறார், சில்லறை எண்ணித் தருகிறார். மூக்கை ஒரு தடவை தேய்த்துக்கொள்கிறார். அப்புறம் வெங்காயப் பச்சடியைக் கையாலேயே எடுத்துக் கட்டுகிறார். அவருடைய கை சுத்தமாக இருக்கிறது. பச்சடிதான் பாவம். வெறுங்கையாக இருந்திருந்தால் பிசுபிசுப்பு தெரிந்து நடுவில் ஒரு முறையாவது கழுவியிருப்பார். கையுறை அந்த உணர்வையும் எடுத்துவிடுகிறது. சாப்பாட்டுக் கடையில் காலையில் போட்ட கையுறையோடு மதியம் வரை நிற்பதைவிட, கையுறையே இல்லாமல் அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுவதும் இடுக்கி, கரண்டி பயன்படுத்துவதும் நூறு மடங்கு மேல் என்பது என் கட்சி.

எதால் செய்தது என்று பாருங்கள்

கடையில் "நல்ல கிளவுஸ் கொடுங்க" என்று கேட்காதீர்கள். எல்லா வேலைக்கும் நல்லதாக ஒன்று கிடையாது. பொதுவாகக் கிடைப்பவை நான்கு வகை.

லேட்டக்ஸ் என்பது ரப்பர் மரத்துப் பாலில் செய்தது. இழுத்தால் நன்றாக நீளும், கையோடு ஒட்டி உட்காரும், விரல் நுனியில் நரம்பைத் தொட்டுப் பார்க்கும் உணர்வு கெடாது. அதனால்தான் அறுவை மருத்துவர்களில் பலர் இன்னும் இதை விடவில்லை. இரண்டு குறைகள் உண்டு. எண்ணெய், கிரீஸ், பெட்ரோல் பட்டால் ரப்பர் ஊறித் தளர்ந்துவிடும். கை வறட்சிக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிவிட்டு மேலே லேட்டக்ஸ் போடுபவர்கள் உண்டு. உள்ளேயிருந்தே கையுறையைக் கெடுத்துக்கொள்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. இரண்டாவது குறை ஒவ்வாமை. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

நைட்ரைல் ஒரு செயற்கை ரப்பர். எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் நன்றாகத் தாங்கும், குத்தினால் லேட்டக்ஸ் அளவுக்குச் சீக்கிரம் ஓட்டை விழாது, ரப்பர் பால் புரதம் இதில் இல்லை. லேப், பட்டறை, பார்லர் என்று எது கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். ஆனால் இதுவும் சர்வ ரோக நிவாரணி அல்ல. நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் நைட்ரைலைச் சீக்கிரம் கடந்துவிடும்.

வினைல் என்பது பிவிசி பிளாஸ்டிக். விலை குறைவு, அதனால் எங்கும் இருக்கிறது. இழுத்தால் அவ்வளவாக நீளாது, மணிக்கட்டில் தொளதொளவென்று நிற்கும், வேலை செய்யச் செய்ய மற்ற இரண்டையும்விடச் சீக்கிரம் கிழியும். ஐந்து நிமிட வேலைக்கு, ரத்தமோ வீரியமான ரசாயனமோ இல்லாத இடத்துக்குச் சரி. பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் பொருள் எண்ணெய்ப் பசையுள்ள உணவில் இறங்கக்கூடும். டிஇஎச்பி என்ற இளக்கி சேர்த்த பிவிசி கையுறையை உணவு வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று ஜப்பான் அரசு 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. வடையும் பஜ்ஜியும் எடுக்கும் கைக்கு வினைல் வேண்டாம்.

நான்காவது, ஸ்வீட் கடையில் பார்க்கும் சரசரவென்ற பாலித்தீன் கையுறை. இரண்டு தாளை வெட்டி ஓரத்தை ஒட்டியது, அவ்வளவுதான். லட்டு எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கழற்றிப் போட ஏற்றது. கொதிக்கும் வாணலிக்கும் தோசைக்கல்லுக்கும் பக்கத்தில் இதைப் போட்டுக்கொண்டு நிற்கவே நிற்காதீர்கள். உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

சமையலறைக் கையுறை பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. நீல நிறச் சாப்பாடு அநேகமாகக் கிடையாது. ஒரு துண்டு கிழிந்து குழம்பில் விழுந்தாலும் கண்ணில் பட்டுவிடும். சமையலறைக்கு வெள்ளையோ நிறமில்லாததோ வாங்காதீர்கள்.

ரசாயனம் என்றால் இன்னும் ஒரு படி யோசியுங்கள்

ஓட்டை இல்லாவிட்டால் எதுவும் உள்ளே வராது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பிறந்த நாளுக்கு ஊதிக் கட்டிய பலூன் மறுநாள் காலையில் சுருங்கித் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஓட்டை எதுவும் இல்லை. காற்று ரப்பருக்குள்ளேயே ஊடுருவி வெளியே போய்விட்டது. கையுறையிலும் ரசாயனம் அப்படித்தான் வரும். கிழிசல் தெரியாது, ஈரம் தெரியாது, உள்ளே தோலில் வேலை நடந்துகொண்டிருக்கும்.

இதை உலகமே அறிந்துகொண்ட சம்பவம் 1996 ஆகஸ்டில் நடந்தது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த கேரன் வெட்டர்ஹான், டைமெதில்மெர்குரி என்ற பாதரசச் சேர்மத்தைக் கையாண்டபோது ஓரிரு துளிகள் அவருடைய லேட்டக்ஸ் கையுறை மேல் விழுந்தன. அனுபவசாலி, விதிப்படி கையுறை போட்டுத்தான் வேலை செய்தார். பிறகு சோதித்துப் பார்த்தபோது அந்தச் சேர்மம் அந்த வகைக் கையுறையைச் சில நொடிகளிலேயே கடந்துவிடுகிறது என்று தெரிந்தது. பல மாதம் எந்த அறிகுறியும் இல்லை. 1997 ஜூனில் பாதரச நஞ்சால் இறந்துபோனார். நீங்களும் நானும் டைமெதில்மெர்குரியைப் பார்க்கப்போவதில்லை. ஆனால் தின்னர், அசிட்டோன், பிரேக் கிளீனர், செயற்கை நகம் ஒட்டும் அக்ரிலிக் திரவம் எல்லாம் தினமும் பார்க்கிறோம். இவை எல்லாமே மெல்லிய கையுறையைச் சீக்கிரம் கடக்கக்கூடியவை.

அதனால் பட்டறை, பார்லர், லேப் எதுவானாலும் ரசாயன டப்பாவோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். எம்எஸ்டிஎஸ் என்றோ எஸ்டிஎஸ் என்றோ சொல்வார்கள். பதினாறு பகுதிகளில் எட்டாவது பகுதியில் எந்தப் பொருளில் செய்த கையுறை வேண்டும் என்று எழுதியிருக்கும். "தகுந்த கையுறை அணியவும்" என்று மட்டும் போட்டுத் தப்பித்துக்கொள்ளும் தாள்களும் உண்டு; அப்படியானால் விற்பவரிடம் கேளுங்கள்.

கையுறைப் பெட்டியையும் பாருங்கள். ரசாயனத்துக்குச் சோதித்த கையுறை என்றால் ஐஎஸ்ஓ 374 என்ற எண்ணும் ஒரு குடுவைப் படமும் இருக்கும். டைப் ஏ என்றால் பட்டியலில் உள்ள ஆறு ரசாயனங்களையாவது 30 நிமிடம் தாங்கியிருக்கிறது. டைப் பி என்றால் மூன்றை 30 நிமிடம். டைப் சி என்றால் ஒன்றை 10 நிமிடம். குடுவைக்குக் கீழே இருக்கும் ஆங்கில எழுத்துகள்தான் அந்த ரசாயனங்கள். கே என்றால் 40 சதவீதக் காஸ்டிக் சோடா, எல் என்றால் 96 சதவீதக் கந்தக அமிலம், எஃப் என்றால் டொலுவீன், ஜே என்றால் ஹெப்டேன். உங்கள் ரசாயனத்தின் எழுத்து அங்கே இல்லையென்றால் அதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை என்று அர்த்தம். அந்த நிமிடக் கணக்கும் சோதனைக் கூடத்தில் எடுத்தது. உங்கள் கைச் சூட்டில், விரலை மடக்கி நீட்டும்போது அதற்கும் முன்னாலேயே கடந்துவிடலாம்.

நடைமுறையில் சொன்னால், மெல்லிய கையுறை தெறிப்புக்குத்தான். தெறித்ததா, உடனே கழற்றிவிட்டு வேறொன்று போடுங்கள். தின்னரில் பிரஷ் ஊறவைத்துக் கழுவுவது, டாய்லெட்டுக்கு ஆசிட் ஊற்றித் தேய்ப்பது, பிளீச்சிங் பவுடர் கரைசலில் கை முக்கி வேலை செய்வது இதற்கெல்லாம் முழங்கை வரை வரும் கெட்டியான, கழுவிப் பயன்படுத்தும் கையுறைதான் வேண்டும். ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கு மாதம் ஒரு பெட்டி மெல்லிய வினைல் வாங்கிக் கொடுத்துவிட்டு "பாதுகாப்பு உபகரணம் கொடுத்தாச்சு" என்று பதிவேட்டில் எழுதும் நிர்வாகங்கள் இருக்கின்றன. அது கணக்குக்குக் கொடுத்தது, கைக்குக் கொடுத்தது அல்ல. கெட்டிக் கையுறை கேட்டு வாங்குங்கள், உங்களுக்கு அது உரிமை.

வாங்கும்போது

பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக "நைட்ரைல்" என்று இருக்கும்; பின்னால் பொடி எழுத்தில் "வினைல் நைட்ரைல் பிளெண்ட்" என்று இருக்கும். அது அதிகமும் வினைல்தான். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒன்றை எடுத்து இழுத்துப் பாருங்கள்: நைட்ரைல் நீண்டு மெதுவாகத் திரும்பும், வினைல் முரண்டு பிடிக்கும்.

தடிமன் அடுத்தது. சாதாரணப் பரிசோதனைக் கையுறை விரல் நுனியில் 0.1 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பட்டறை வேலைக்கு 0.15 முதல் 0.2 வரை உள்ளதைக் கேளுங்கள். பெட்டியில் தடிமன் போடவில்லையென்றால் தராசில் வைத்துப் பார்க்கலாம். மீடியம் அளவு நைட்ரைல் ஒன்று 3 முதல் 4 கிராம் வரை இருக்கும். இரண்டு பிராண்டில் எது மெலிசு என்று தெரிய இதைவிடச் சுலபமான வழி இல்லை. எண்ணிக்கையையும் பாருங்கள், 100 என்றால் 50 ஜோடி.

மருத்துவ வேலைக்கு வாங்கினால் "பரிசோதனைக் கையுறை" என்ற குறிப்பும் தர எண்ணும் வேண்டும். இந்தியத் தரத்தில் ஐஎஸ் 15354, ஐரோப்பியத் தரத்தில் இஎன் 455. கூடவே ஏக்யூஎல் 1.5 என்பது போல ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு லாட்டிலும் மாதிரி எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். ஒழுகுபவை எவ்வளவு வரை இருந்தால் லாட்டை ஏற்கலாம் என்பதற்கான வரம்பு அது. எண் குறையக் குறைய நல்லது. ஆனால் பூஜ்யம் என்று யாரும் போடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல பெட்டியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையோடு ஒன்றிரண்டு இருக்கலாம். கழற்றிய பிறகு கை கழுவச் சொல்வது இதற்காகவும்தான்.

முத்திரை பிரிந்த பெட்டி, உள்ளே கசங்கி மடங்கிக் கிடக்கும் கையுறை, கறை, ஈரவாடை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோவிட் காலத் தட்டுப்பாட்டில் தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன பெட்டிகளில் ஏற்கெனவே பயன்படுத்திய கையுறைகள் கழுவி அடைக்கப்பட்டிருந்தது 2021இல் பெரிய செய்தியானது.

பவுடர் போட்டதை வாங்காதீர்கள். போட வசதியாக இருக்கும் என்று உள்ளே சோளமாவுப் பவுடர் தூவுவது பழைய வழக்கம். லேட்டக்ஸ் புரதம் அந்தப் பவுடரில் ஒட்டிக்கொண்டு காற்றில் பறக்கும். கையுறையே போடாத பக்கத்து ஆளுக்கும் மூச்சிரைப்பு வரலாம். அமெரிக்காவில் பவுடர் போட்ட மருத்துவக் கையுறைகளுக்கு 2017 ஜனவரி முதல் தடை. நம் ஊர்க் கடைகளில் இன்னும் விற்கிறார்கள்.

அளவுக்கு ஒரு தையல் டேப் போதும். கட்டை விரலை விட்டுவிட்டு, உள்ளங்கையின் அகலமான இடத்தைச் சுற்றி அளங்கள். 7 அங்குலம் என்றால் ஸ்மால், 8 மீடியம், 9 லார்ஜ். பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் மாறும். பல இடங்களில் லார்ஜ் மட்டும் வாங்கி வைத்துவிடுகிறார்கள், எல்லாருக்கும் நுழையும் என்று. சின்னக் கை உள்ள பெண்கள் விரல் நுனியில் அரை அங்குலம் தொங்கும் கையுறையோடு ஊசி பிடிக்கிறார்கள். இறுக்கமானால் விரலிடுக்கில் கிழியும், தொளதொளவென்றால் எதிலாவது மாட்டும். இரண்டு மூன்று அளவு வாங்கச் சொல்லுங்கள். மொத்தச் செலவு கூடப்போவதில்லை.

வாங்கியதை வெயில் படும் ஜன்னலோரத்திலும் மோட்டார், ஜெனரேட்டர் பக்கத்திலும் வைக்காதீர்கள். சூடும், வெளிச்சமும், மோட்டாரிலிருந்து வரும் ஓசோனும் ரப்பரைச் சீக்கிரம் வெடிக்க வைக்கும். காலாவதித் தேதி பெட்டியில் இருக்கும்.

போடுவது

மோதிரம், கல் வைத்த வளையல், பிரேஸ்லெட் கழற்றி வையுங்கள். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கையில் காயம் இருந்தால் முதலில் பிளாஸ்திரி. சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்து முழுக்கக் காய விடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இந்தக் காய விடுவதுதான் சிரமம். வியர்வைக் கையில் இழுத்து மாட்டும்போதுதான் பாதிக் கையுறை கிழிகிறது. சானிடைசர் போட்டிருந்தால் அது ஆவியாகும் வரை பொறுங்கள்.

பெட்டியிலிருந்து மணிக்கட்டு விளிம்பைப் பிடித்து ஒன்றை மட்டும் உருவுங்கள். ஊதிப் பார்க்காதீர்கள், வாயில் இருப்பதெல்லாம் உள்ளே போகும். வெளிச்சத்தில் ஒரு பார்வை போதும். பெரும்பாலானவற்றில் இடது வலது கிடையாது. சட்டைக் கை நீளமாக இருந்தால் கையுறை விளிம்பு அதற்கு மேலே வரட்டும்.

போட்ட பிறகு

கையுறை போட்ட கை எதைத் தொட்டதோ அந்த அழுக்கை அடுத்து தொடும் எல்லாவற்றுக்கும் கொண்டுபோகும். செல்போன், கதவுப் பிடி, லிஃப்ட் பட்டன், கீபோர்டு, முகக்கவசம், தலைமுடி இவற்றை அந்தக் கையோடு தொடாதீர்கள். எங்கள் இடத்தில் ரத்த மாதிரிகளை வேறு அறைக்கு எடுத்துப்போகும்போது ஒரு கையில் மட்டும் கையுறை. அந்தக் கையில் ட்ரே, வெறுங்கையால் கதவு. புதிதாக வருபவர்களுக்கு முதலில் விநோதமாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

போன் அடிக்கிறதா? அடிக்கட்டும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் கழற்றிப் போட்டு, கை கழுவி, பேசிவிட்டு, புதிதாகப் போடுங்கள்.

எப்போது மாற்றுவது? நோயாளிக்கு நோயாளி, கட்டாயம். பச்சைக் கோழியோ மீனோ தொட்டுவிட்டு அப்படியே சாப்பிடும் பொருளைத் தொடும் முன். கிழிந்தால், குத்துப்பட்டால், ரசாயனம் தெறித்தால், உள்ளே வியர்வை தேங்கினால். வேலையை விட்டு வேறு வேலைக்குப் போனால். மணிக்கணக்கு வைத்து மாற்றுவதைவிட வேலையை வைத்து மாற்றுவதுதான் சரி.

போட்ட கையுறையைக் கழுவியோ சானிடைசர் தேய்த்தோ "புதுசாக்க" முடியாது. சோப்பும் ஆல்கஹாலும் அந்த மெல்லிய படலத்தை மேலும் பலவீனமாக்கும். பார்லரில் சாயம் பூசிய கையுறையை அலசி, உள்பக்கம் வெளியே திருப்பிக் காயப்போட்டு மறுநாள் போடுவதைப் பார்க்கலாம். தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பிபிடி தோல் ஒவ்வாமைக்குப் பேர் போனது. திருப்பிப் போட்டால் நேற்றுச் சாயம் பட்ட பக்கம் இன்று உங்கள் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

போடவே கூடாத இடங்களும் உண்டு. லேத், டிரில்லிங் மெஷின் என்று சுழலும் எந்த இயந்திரத்தின் பக்கத்திலும் கையுறை ஆகாது. நுனி மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். நெருப்பு, சூடான பாத்திரம், கரண்ட் வேலைக்கும் இது உதவாது. ஊசி, பிளேடு, உடைந்த கண்ணாடியை இது தடுக்காது.

கழற்றுவது

அதிகத் தவறு நடப்பது இங்கேதான், அதனால் வரிசையாகவே சொல்கிறேன். நகத்தால் நுனியை இழுத்து "டப்" என்று உரித்தால் மேலே இருந்தது முகத்தில் தெறிக்கும்.

1. இடது கையுறையின் வெளிப்பக்கத்தை மணிக்கட்டுக்குக் கொஞ்சம் கீழே வலது விரல்களால் கிள்ளிப் பிடியுங்கள். தோலில் படக் கூடாது.
2. விரல் பக்கமாக மெதுவாக உருட்டி இழுங்கள். உள்பக்கம் வெளியே திரும்பியபடி கழன்று வரும்.
3. கழன்றதை வலது உள்ளங்கையில் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள்.
4. இப்போது வெறுங்கையான இடது விரலை வலது கையுறையின் விளிம்புக்கு உள்ளே நுழையுங்கள். வெளிப்பக்கத்தைத் தொடாதீர்கள்.
5. உள்ளிருந்தே உருட்டி இறக்குங்கள். முதல் கையுறை இரண்டாவதின் வயிற்றுக்குள் அடங்கி, அழுக்கெல்லாம் உள்ளே போய் ஒரு பொட்டலமாக வரும்.
6. குப்பையில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி: கையுறை போட்டுக்கொண்டு குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து இரண்டு கையிலும் பூசிக்கொண்டு கழற்றிப் பாருங்கள். மணிக்கட்டில் சிவப்பு இருந்தால் இன்னொரு தரம். எங்களிடம் வரும் எல்லாரையும் இதைச் செய்ய வைக்கிறோம். முதல் தடவையே சுத்தமாக வருபவர்கள் குறைவு.

கை அரித்தால்

மூன்று விஷயங்களை எல்லாரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். அதிகம் பார்ப்பது வெறும் எரிச்சல்: வியர்வை, அடிக்கடி சோப்பு, ஈரம் காயாமல் போடுவது இவற்றால் தோல் வறண்டு வெடிக்கும். இடைவெளியில் கையைக் காற்றாட விட்டு, வேலை முடிந்ததும் மாய்ஸ்சரைசர் போட்டால் சரியாகும்.

இரண்டாவது, போட்ட மறுநாளோ அதற்கு மறுநாளோ சிவந்து தடித்துக் கொப்புளம் வருவது. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ஆக்சிலரேட்டர் ரசாயனங்கள் காரணமாக இருக்கலாம். அவை நைட்ரைலிலும் உண்டு. அதனால்தான் சிலர் லேட்டக்ஸை விட்டும் அரிப்பு விடவில்லை என்கிறார்கள். ஆக்சிலரேட்டர் சேர்க்காதது என்று குறித்த கையுறைகள் கிடைக்கின்றன.

மூன்றாவதுதான் ஆபத்தானது, லேட்டக்ஸ் ஒவ்வாமை. போட்ட சில நிமிடங்களிலேயே தடிப்பு, தும்மல், கண்ணில் நீர், சிலருக்கு மூச்சுத் திணறல், மயக்கம் வரை போகும். வாழைப்பழம், அவகாடோ, கிவி சாப்பிட்டால் வாய் அரிக்கும் என்பவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். இப்படி ஒரு தடவை வந்தாலே லேட்டக்ஸை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பலூன் ஊதினால் உதடு வீங்கும் ஆட்கள் வேலையில் சேரும்போதே சொல்லிவிடுவது நல்லது.

கழற்றியதை எங்கே தூக்கிப் போடுவது

மருத்துவமனை, கிளினிக், லேப் என்றால் 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய கையுறை சிவப்புப் பைக்குப் போக வேண்டும். ஊசி அதில் போகக் கூடாது, அதற்கு வெள்ளை டப்பா தனி. ரசாயனத்தில் நனைந்தது அந்த ரசாயனக் கழிவோடு சேர வேண்டும். கடையிலும் பார்லரிலும் மூடியுள்ள குப்பைத் தொட்டி போதும். கழிப்பறையில் போட்டு ஃபிளஷ் செய்யாதீர்கள், கொல்லையில் எரிக்காதீர்கள். வினைல் எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும்.

கையுறையைத் தாண்டி ஏதாவது பட்டுவிட்டால்

ரசாயனம் என்றால் கையுறையைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் காட்டுங்கள், பிறகு தரவுத் தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

ரத்தம் பட்ட ஊசி குத்தினால் கையுறையைக் கழற்றி, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், விரலை வாயில் வைக்க வேண்டாம், டெட்டால் ஊற்றித் தேய்க்க வேண்டாம். யாருடைய ரத்தம் என்பதைக் குறித்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் உடனே சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்றும் கேட்பார்கள், அந்த அட்டையை எடுத்துப்போங்கள். ராத்திரி ஷிஃப்ட் என்றால் காலை வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.